கட்டுரை நம்மை எப்படி மடக்குகிறது? மாடி வகுப்பில் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள்

மதுரை கே.கே. நகரில் எங்கள் வீட்டு மாடியில் சனிக்கிழமை சாயங்காலம் ஏழெட்டுக் கல்லூரிப் பிள்ளைகள் கூடுவார்கள். ஆளுக்கொரு கட்டுரை கொண்டுவந்து, எழுதியவர் நம்மை எப்படித் தன் பக்கம் இழுக்கிறார் என்று பார்ப்போம். டீ வருவதற்குள் பாதிப் பேர் அந்தப் பக்கம் போய்விடுவார்கள். அப்புறம் மெதுவாகத் திரும்பி வருவார்கள். வருஷா வருஷம் ஆட்கள் மாறினாலும் சந்தேகங்கள் மாறுவதில்லை. அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளையும் என் பதில்களையும் எழுதி வைக்கிறேன்.

பதில்களில் ஒரு பத்தி அடிக்கடி தலைகாட்டும். வகுப்புக்காக நானே எழுதியது. 'கண்மாய்ப் பத்தி' என்று பேர் வைத்திருக்கிறோம். முதலில் அதைப் படித்துவிடுங்கள்:

"நான் நீச்சல் பழகியது எங்கள் ஊர்க் கண்மாயில். அப்பா என் இடுப்பில் துண்டைக் கட்டி, ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு கரையில் நிற்பார். இன்று அவர் நின்ற இடத்தில் மூன்று மாடிக் கட்டடம் நிற்கிறது. மழை பெய்தால் கீழ் வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிடுகிறது என்று குடியிருப்பவர்கள் குறைப்படுகிறார்கள். தண்ணீர் தன் வீட்டுக்குத் திரும்பியிருக்கிறது. நாம்தான் பூட்டை உடைத்து உள்ளே குடியேறியிருக்கிறோம். வீட்டுக்காரரைப் பார்த்துத் திருடன் என்று கூச்சல் போடும் ஊர் எங்காவது உண்டா?"

"பகுப்பாய்வு செய்க"ன்னு கேட்டா, கட்டுரையோட கருத்தைச் சுருக்கி எழுதினாப் போதுமா சார்?

போதாது. கண்மாய்ப் பத்தியைச் சுருக்கினால் 'நீர்நிலைகளை ஆக்கிரமிக்கக் கூடாது' என்று ஒரு வரி வரும். அந்த வரியைப் பள்ளிக்கூடச் சுவரில் எழுதி வைத்திருந்தால் யாரும் நின்று படிக்க மாட்டோம். அதே கருத்து பத்தியில் வரும்போது ஏன் தைக்கிறது? சுவர் வாசகத்துக்கும் பத்திக்கும் நடுவே எழுதியவர் ஏதோ வேலை செய்திருக்கிறார். அந்த வேலையை எடுத்துக் காட்டச் சொல்கிறார்கள்.

அப்ப முதல்ல எதைப் பார்க்கணும்?

உங்களைப் பாருங்கள். முதல் தடவை படிக்கும்போது கையில் பென்சில் இருக்கட்டும். எங்கே தலையாட்டினீர்கள், எங்கே சிரித்தீர்கள், எங்கே எரிச்சல் வந்தது, அந்தந்த இடத்தில் ஒரு கோடு போடுங்கள். உத்தியின் பேரெல்லாம் எழுத வேண்டாம். கட்டுரை உங்களிடம் வேலை செய்த இடங்கள் அவை. மாட்டிக்கொண்ட இடத்தை ஒப்புக்கொள்ளக் கூச்சப்படுகிறவர்களுக்கு இந்தப் படிப்பு வராது.

இரண்டாம் தடவை வேறு இரண்டு விஷயங்கள்: இவர் யாரிடம் பேசுகிறார், அவர்களிடம் இவருக்கு என்ன ஆக வேண்டும்? வள்ளுவர் 'சொல்வன்மை'க்கு ஒரு அதிகாரம் வைத்துவிட்டு, 'அவையறிதல்' என்று தனியாக இன்னொன்றும் வைத்தார். அதில் 714ஆம் குறள், அறிவாளிகள் முன் அறிவாளியாக இரு, மற்றவர் முன் வெள்ளைச் சுண்ணாம்பு போல நிறமில்லாமல் இரு என்கிறது. கொஞ்சம் குறும்பான அறிவுரைதான். ஆனால் ஒரே ஆள் இரண்டு அவையில் இரண்டு மாதிரி பேச வேண்டும் என்பது அதில் இருக்கிறது. எந்த அவை என்று தெரியாமல் எந்த வாக்கியத்தையும் எடைபோட முடியாது.

ஈதோஸ், பேத்தோஸ், லோகோஸ்னு மூணு சொல்றாங்களே, மனப்பாடம் பண்ணணுமா? நம்மகிட்ட இதெல்லாம் இல்லையா?

கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டில் பிரித்துக் காட்டியவை. சொல்கிற ஆளை நம்ப வைப்பது ஈதோஸ், கேட்கிற ஆளின் மனநிலையை மாற்றுவது பேத்தோஸ், சொல்லும் விஷயத்துக்குக் காரணம் காட்டுவது லோகோஸ். விஷயம் புரிந்தால் பேர் தானாக ஒட்டிக்கொள்ளும்.

நம்மிடம் இல்லாமல் என்ன? கேட்பவர் மனநிலைக்குத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எட்டு வகை சொல்கிறது: நகை, அழுகை, இளிவரல் (இழிவு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி (கோபம்), உவகை (மகிழ்ச்சி). 'பேத்தோஸ் இருக்கிறது' என்று எழுதுவதைவிட 'இந்த இடத்தில் இளிவரல், அடுத்த வரியில் வெகுளி' என்று எழுதினால் எவ்வளவு துல்லியம் பாருங்கள். காரணம் காட்டும் முறைக்கு மணிமேகலையில் பக்கம் (சொல்ல வரும் முடிவு), ஏது (காரணம்), திட்டாந்தம் (உதாரணம்) என்று வருகிறது. இந்த மலையில் நெருப்பு உண்டு, ஏனென்றால் புகை தெரிகிறது, அடுக்களையில் பார்த்ததில்லையா? நாகமலைப் பக்கம் புகை தெரிந்தால் நாமும் இப்படித்தான் யோசிப்போம்.

மூணும் சேர்ந்து வேலை செய்யறதை ஒரே இடத்துல காட்டுங்களேன்.

நம் ஊரிலேயே நடந்ததாகச் சொல்லப்படும் வழக்கை எடுத்துக்கொள்வோம். கட்டுரை அல்ல, காப்பியம்தான். ஆனால் சிலப்பதிகார வழக்குரை காதையைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. நீ யார் என்று பாண்டியன் கேட்கிறான். கண்ணகி உடனே சிலம்பை எடுக்கவில்லை. புறாவுக்காகத் தன்னையே தந்தவனும், பசுவின் கன்றுக்காகத் தன் மகனைத் தேர்க்காலில் இட்டவனும் ஆண்ட புகார் என் ஊர் என்கிறாள். இரண்டும் அரசர்கள் நீதி காத்த கதைகள். கேட்டுக்கொண்டிருப்பவனும் அரசன். இதே கதையைப் பொற்கொல்லனிடம் சொல்லியிருந்தால் அவன் கொட்டாவி விட்டிருப்பான்.

கள்வனைக் கொல்வது கொடுங்கோல் ஆகாது என்று அரசன் சொன்ன பிறகுதான் காரணத்துக்கு வருகிறாள். அங்கேயும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. 'என் சிலம்பின் பரல் மாணிக்கம்' என்று தன் பக்கத்தை முதலில் சொல்லிவிடுகிறாள். 'எங்கள் சிலம்பின் பரல் முத்து' என்று அரசன் தன் வாயாலேயே சொல்கிறான். சிலம்பை உடைப்பது அதற்கப்புறம். சோதனைக்கு முன்பே இரண்டு தரப்பும் சொல் கொடுத்துவிட்டதால், மணி தெறித்தபோது வேறு விளக்கம் சொல்ல யாருக்கும் இடமில்லை. வரிசையைக் கலைத்து, முதலில் உடைத்துவிட்டு அப்புறம் பேசியிருந்தால்? வழக்கு இழுத்துக்கொண்டு போயிருக்கும்.

எழுதுறவர் பெரிய ஆளா இருந்தா நம்பிடுறோமே, அதுவும் உத்தியா?

அது கட்டுரைக்கு வெளியிலிருந்து வரும் பலம். 1921 செப்டம்பர் 22 அன்று மதுரை மேலமாசி வீதி வீட்டில் தங்கியிருந்த காந்தி வேட்டி சட்டையை விட்டு முழங்கால் அளவுத் துண்டுக்கு மாறினார். அதற்குப் பிறகு கதரைப் பற்றி அவர் எழுதிய எந்த வரிக்கும் அந்த உடையின் கனமும் சேர்ந்தே வந்திருக்கும். ஆனால் அரிஸ்டாட்டில் கணக்கில் நம்பிக்கை பேச்சுக்குள்ளேயே உண்டாக வேண்டும். ஏற்கெனவே இருக்கும் பேரால் வருவது அதில் சேராது.

கண்மாய்ப் பத்தியை எழுதியவர் யாரென்று வாசகருக்குத் தெரியாது. துண்டு கட்டி நீச்சல் பழகியது அந்தக் குறையைத் தீர்க்கிறது. இவர் வெளியாள் இல்லை, அந்தத் தண்ணீரைக் குடித்தவர் என்று ஆகிவிடுகிறது. விடையில் எழுதும்போது உள்ளே உண்டான நம்பிக்கையைத்தான் எழுத வேண்டும். 'இவர் புகழ்பெற்றவர், ஆகவே நம்புகிறோம்' என்பது பகுப்பாய்வில் சேராது.

அணியெல்லாம் கண்டுபிடிச்சு வரிசையா எழுதிட்டேன். ஏன் மார்க் குறைச்சிட்டாங்க?

ஒரு பிள்ளை ஒன்றரைப் பக்கக் கட்டுரையில் 11 அணிகளைப் பிடித்துக்கொண்டு வந்தது. ஒவ்வொன்றுக்கும் எதிரே 'அழகு சேர்க்கிறது' என்று எழுதியிருந்தது. கருவாட்டுக் கடையில் மீன் பேர் சொல்வது மாதிரி. குழம்பு வைக்கத் தெரிந்ததா என்றுதானே கேட்கிறார்கள்?

மாற்றிப் பாருங்கள். 'தண்ணீர் தன் வீட்டுக்குத் திரும்பியிருக்கிறது' என்ற வரியை எடுத்துவிட்டு 'தண்ணீர் தாழ்வான இடத்தில் தேங்குகிறது' என்று போடுங்கள். அர்த்தம் கிட்டத்தட்ட அதேதான். என்ன போயிற்று? முதல் வரியில் தண்ணீர் வீட்டுக்காரர். அதை ஒப்புக்கொண்ட மறு நொடி, கட்டடத்தில் இருப்பவர் திருடர் ஆகிவிடுகிறார். அதுவரை வெள்ளத்தால் பாதிக்கப்பட்டவர் என்று இரக்கப்பட்டோமே, அவர்தான். ஒரு ஆதாரமும் காட்டாமல், ஓர் உருவகத்தால் நியாயமே இடம் மாறிவிட்டது. மாற்றும்போது எது காணாமல் போகிறதோ அதை எழுதுங்கள், அணியின் பேரை அடைப்புக்குறிக்குள் போட்டால் போதும்.

"நாம்"னு எழுதுறதுல என்ன பெரிய உத்தி இருக்கு?

நிறைய இருக்கிறது, அதிலும் தமிழில். ஆங்கிலத்தில் நாமுக்கும் நாங்களுக்கும் ஒரே சொல்தான். தமிழில் எழுதுகிறவர் ஒவ்வொரு தடவையும் தேர்ந்தெடுத்தாக வேண்டும்: வாசகரை உள்ளே சேர்ப்பதா, வெளியே நிறுத்துவதா? கண்மாய்ப் பத்தியில் 'நீங்கள் பூட்டை உடைத்தீர்கள்' என்று இருந்தால் வாசகர் சண்டைக்கு வருவார். 'நாங்கள் உடைத்தோம்' என்றால் அது எழுதியவரின் பாவமன்னிப்பு, வாசகர் வேடிக்கை பார்ப்பார். 'நாம்' என்றதும் இருவரும் ஒரே கூண்டில் நிற்கிறார்கள்.

அது வரும் இடத்தையும் பாருங்கள். பத்தி 'நான்' என்றுதான் தொடங்குகிறது. அப்பா, துண்டு, நீச்சல் என்று வாசகரைப் பக்கத்தில் உட்காரவைத்த பிறகே 'நாம்' வருகிறது. முதல் வரியிலேயே வந்திருந்தால் மேடைப் பேச்சு மாதிரி இருந்திருக்கும். அப்புறம் எச்சரிக்கை ஒன்று: சேர விரும்பாதவரையும் 'நாம்' பிடித்து இழுத்துக்கொண்டு போகும். அது கடைசிக் கேள்வியில் வருகிறது.

உணர்ச்சியைத் தூண்டுறதுன்னாலே ஏமாத்துறதுதானே சார்?

பக்கத்து வீடு எரியும்போது பதறாமல் புள்ளிவிவரம் சொல்கிறவரை என்ன செய்வீர்கள்? உணர்ச்சி வரக் காரணம் இருக்கும் இடத்தில் அதை எழுப்புவது தப்பில்லை. விஷயத்தின் அளவுக்கு மேல் எழுப்பினாரா, காரணம் இல்லாத ஓட்டையை அடைக்க எழுப்பினாரா என்று பாருங்கள். நான் செய்வது இதுதான்: ஓர் இரவு விட்டு, காலையில் காபிக்கு முன் திரும்பப் படிப்பேன். சூடு தணிந்த பிறகும் நிற்கிற காரணம் எது என்று தெரிந்துவிடும். கண்மாய்ப் பத்தியில் காலையில் நிற்பது, தண்ணீர் தன் பழைய பள்ளத்துக்குத்தான் வரும் என்ற ஒன்று மட்டும்.

எண்ணிக்கை போட்டிருந்தா அது உண்மைதானே, அதுல என்ன ரெட்டரிக் (வசப்படுத்துற உத்தி)?

ஒரு கட்டுரை '10 கண்மாயில் 6 அழிந்துவிட்டது' என்கிறது என்று வையுங்கள். எந்தப் பத்து? எந்த வருஷத்திலிருந்து? அழிந்தது என்றால் கட்டடம் வந்துவிட்டதா, வரத்துக்கால் தூர்ந்துவிட்டதா, சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறதா? மூன்றும் வேறு வேறு கதை. மூன்றாவதை ஒரு பொக்லைன் சரிசெய்துவிடும்.

எண் சரியாகவே இருந்தாலும் அது நிற்கும் கோணம் எழுதியவருடையது. 'பத்தில் ஆறு போய்விட்டது' என்றால் ஒப்பாரி. 'இன்னும் நான்கு மிச்சமிருக்கிறது' என்றால் மண்வெட்டியைத் தூக்கத் தோன்றும். கூட்டிப் பார்த்தால் இரண்டும் பத்துதான்.

வாக்கியம் நீளமா இருக்கு, சின்னதா இருக்குன்னெல்லாம் எழுதலாமா?

நீளத்தை மட்டும் சொன்னால் பயனில்லை. அது என்ன செய்கிறது என்று சொன்னால் எழுதலாம். 1963இல் பர்மிங்காம் சிறையிலிருந்து மார்ட்டின் லூதர் கிங் எழுதிய கடிதம் அதற்குப் பேர்போனது. போராட இது நேரமல்ல, பொறுத்திருங்கள் என்று சொன்ன எட்டு வெள்ளை மதகுருமாருக்கு அது பதில். அதில் 300 சொல்லுக்கு மேல் ஓடும் ஒரே வாக்கியம் உண்டு. கறுப்பின மக்கள் அன்றாடம் படும் அவமானங்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போவார். வாக்கியம் முடியவே முடியாது. படிப்பவர் எப்போது முடியும் என்று காத்துக் காத்து மூச்சு வாங்குவார். பொறுத்திருக்கச் சொன்னவர்களைப் பொறுத்திருக்க வைத்துவிட்டார்.

தமிழில் வினைமுற்று கடைசியில் வருவதால் இந்த வித்தைக்கு நம் மொழி இன்னும் தோது. ஆனால் பெரும்பாலான நீள வாக்கியங்கள் எழுதியவருக்கு நிறுத்தத் தெரியாததால் நீண்டவை. எல்லாவற்றிலும் உத்தி தேட வேண்டாம்.

கிண்டலா எழுதியிருந்தா எப்படிக் கண்டுபிடிக்கிறது? நான் நிஜம்னு நம்பித் தொலைச்சிட்டேன்.

நம்பியது நீங்கள் மட்டுமில்லை, கவலைப்படாதீர்கள். நம் வஞ்சப்புகழ்ச்சிதான், ஆனால் கட்டுரை நீளத்துக்கு. 1729இல் ஜோனதன் ஸ்விஃப்ட், அயர்லாந்து ஏழைகளின் குழந்தைகளைப் பணக்காரர்களுக்கு உணவாக விற்றால் வறுமை தீரும் என்று ஒரு சிறு நூல் எழுதினார். கொழுத்த குழந்தைக்கு 10 ஷில்லிங் தரலாம் என்று விலைகூடப் போட்டிருக்கிறார். பேசுகிறவர் ஒரு பொருளாதார ஆலோசகர் மாதிரி நிதானமாகக் கணக்குப் போடுகிறார். அந்த நிதானத்துக்கும் சொல்லும் விஷயத்துக்கும் நடுவில் இருக்கும் பள்ளம்தான் முதல் அடையாளம்.

இரண்டாவது அடையாளம் கடைசிப் பகுதியில் ஒளிந்திருக்கிறது. 'வேறு வழிகளைப் பற்றி என்னிடம் பேசாதீர்கள்' என்று அந்த ஆலோசகர் ஒரு பட்டியலைத் தள்ளிவிடுவார்: வெளியூரில் உட்கார்ந்து வருமானம் தின்னும் நிலக்காரர்களுக்கு வரி, உள்ளூர்ப் பொருளையே வாங்குவது என்று. அவர் வேண்டாம் என்று தள்ளுகிறவைதான் ஸ்விஃப்ட் வேண்டும் என்று கேட்பவை. கிண்டல் கட்டுரையில் பேசுகிற ஆள் வேறு, எழுதிய ஆள் வேறு. விடையில் இருவரையும் குழப்பாமல் எழுதினாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

இதையெல்லாம் அவர் யோசிச்சுத்தான் எழுதினாரா, இல்ல நாமளா கற்பிக்கிறோமா?

நியாயமான சந்தேகம். பள்ளியில் தற்குறிப்பேற்ற அணிக்கு என்ன உதாரணம் படித்தீர்கள்? கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்கும்போது மதில் மேல் கொடிகள் 'வராதே' என்று கை காட்டுவதுபோல அசைந்தன. கொடியை அசைத்தது காற்று. குறிப்பை ஏற்றியது இளங்கோ. கவிஞருக்கு அது அழகு. கட்டுரையைப் பிரித்துப் பார்க்கும் நாம் அதே வேலையை எழுதியவர் மனதின் மேல் செய்யக் கூடாது.

அதனால் 'வாசகர் மனதைக் கரைக்க வேண்டும் என்று திட்டமிட்டு' என்று எழுதாதீர்கள். 'இந்த வரி வாசகரை இங்கே கொண்டு நிறுத்துகிறது' என்று எழுதுங்கள். அவர் நினைத்தது நமக்குத் தெரியாது, வரி பக்கத்தில் இருக்கிறது. யாராவது மறுத்தால் விரலை வைத்துக் காட்டலாம்.

பட்டிமன்றப் பேச்சையும் இப்படிப் பார்க்கலாமா?

பார்க்கலாம், மதுரைக்காரர்களுக்கு அதில் பழக்கமும் அதிகம். பட்டிமண்டபத்தில் முறை அறிந்து ஏறுங்கள் என்று மணிமேகலையே சொல்கிறது. ஆனால் மேடையில் குரல், இடைவெளி, கைதட்டல் எல்லாம் சேர்ந்து வேலை செய்யும். பலவீனமான காரணத்தை ஒரு நகைச்சுவைத் துணுக்கு தூக்கிக்கொண்டு போய்விடும். கட்டுரையில் வாசகர் பக்கத்தைத் திருப்பி மறுபடி படிப்பார். பேச்சைக் காதால் கேட்டுவிட்டு, அப்புறம் எழுத்தாக்கிப் படியுங்கள். எவ்வளவு ஆவியாகிவிட்டது என்று தெரியும்.

அவர் சொல்றது எனக்குச் சுத்தமாப் பிடிக்கலைன்னா?

பிடிக்காத கட்டுரை நல்ல பயிற்சி. பென்சில் கோடுகள் அதிகம் விழும். கருத்து தப்பு என்று வாதாடாமல், அது யாரை எப்படி நம்ப வைக்கும் என்று எழுதுங்கள். ரொம்பப் பிடித்த கட்டுரைதான் ஆபத்து. கோடே விழாது.

பரீட்சையில எந்த வரிசையில எழுதுறது?

யாரிடம், எதற்காக என்று இரண்டு வரி. அப்புறம் கட்டுரை போகும் போக்கிலேயே போங்கள்: தொடக்கத்தில் வாசகர் எங்கே நின்றார், நடுவில் எங்கே நகர்ந்தார், முடிவில் எங்கே. ஈதோஸுக்கு ஒரு பத்தி, பேத்தோஸுக்கு ஒரு பத்தி என்று பெட்டி போட்டால் நகர்வு தெரியாது.

சார், "நாம்தான் பூட்டை உடைத்து"ன்னு எழுதியிருக்கீங்க. எங்க அப்பா பத்திரம் போட்டுத்தான் இடம் வாங்கினாரு. நாங்க எப்ப உடைச்சோம்?

போன வருஷம் ஒரு மாணவி கேட்டது. அவர்கள் வீடு ஒரு பழைய கண்மாயின் ஓரத்தில். இன்னும் தவணை கட்டிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு உடனே பதில் வரவில்லை.

என் பத்தி மேட்டில் குடியிருப்பவர்களைப் பார்த்து எழுதப்பட்டது. வெள்ளத்தைச் செய்தித்தாளில் படிப்பவர்களுக்கு 'நாம்' என்பதில் கைக்காசு எதுவும் செலவில்லை. குற்றவுணர்ச்சிகூடக் கொஞ்சம் சுகமாகத்தான் இருக்கும். அவளுக்கு அதே சொல் நேரடிக் குற்றச்சாட்டு. இரண்டாம் கேள்விக்குச் சொன்ன பதிலை நானே மறந்திருக்கிறேன். உருவகத்திலும் வீட்டுக்காரர், திருடர் என்று இரண்டே நாற்காலிதான் போட்டிருக்கிறேன். மனை பிரித்து விற்றவருக்கும், அனுமதிக் கையெழுத்துப் போட்டவருக்கும், கடன் கொடுத்தவருக்கும் நாற்காலியே இல்லை. அவர்கள் பத்திக்கு வெளியே சௌகரியமாக நிற்கிறார்கள். உருவகம் நன்றாக அமைந்துவிட்டால் யாரை விட்டுவிட்டோம் என்று எழுதியவருக்கே தெரியாமல் போகிறது.

அவள் வீட்டுப் பக்கமிருந்து ஒரு பத்தி எழுதிவரச் சொன்னேன். அடுத்த வாரம் இப்படிக் கொண்டுவந்தாள்: "எங்கள் பத்திரத்தில் நான்கெல்லையும் எழுதியிருக்கிறது. வடக்கே 20 அடிப் பாதை. கிழக்கேயும் மேற்கேயும் அடுத்தவர் மனைகள். தெற்கே காலியிடம். கண்மாய் என்ற சொல் எந்தப் பக்கமும் இல்லை. அதை எழுதாமல் விட்டவருக்கு நீச்சல் தெரியுமா என்று எனக்குத் தெரியாது."

அந்தக் கடைசி வாக்கியம் யாரைக் குத்துகிறது என்று ஒரு சனிக்கிழமை முழுக்கப் பேசினோம். பத்திரம் எழுதியவரை என்றார்கள் பாதிப் பேர். மீதிப் பேர் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.